அந்திக்கு ஒரு பச்சைப் புள்ளி

சூரியன் மறைந்து அரை மணி நேரம் கழித்து, விளக்கில்லாத ஒரு வாகன நிறுத்துமிடத்தில் இருபது அடி தள்ளி நிற்கும் மனிதரை நம்மால் பார்க்க முடியும். உயரம் தெரியும், உடல்வாகு தெரியும், கை அசைந்தால் தெரியும். ஆனால் நாம் கையை நீட்டிப் பிடித்திருக்கும் கறுப்புக் கைத்துப்பாக்கியின் முனையில், மூன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் நிற்கும் சிறு துண்டு அந்நேரத்தில் கண்ணுக்குப் பிடிபடாது. கறுப்பின் மேல் கறுப்பு. இலக்கு தெரிகிறது, குறி தெரியவில்லை. இரவுக் குறிகள் என்று விற்கப்படும் ஒளிரும் புள்ளிகள் உண்மையில் உதவுவது இந்தச் சிறு இடைவெளியில்தான். நள்ளிரவுக்கானவை என்றுதான் பலரும் நினைத்து வாங்குகிறார்கள். கும்மிருட்டில் அவற்றால் கிடைக்கும் பயன் குறைவு, வரக்கூடிய தீங்கு அதிகம். அதைப் புரிந்துகொள்ளக் கண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் விழித்திரையில் இரண்டு வகைப் பார்வைச் செல்கள் உண்டு. சுமார் 60 லட்சம் கூம்பு செல்கள் வெளிச்சத்தில் வேலை செய்கின்றன. நிறத்தையும் நுணுக்கமான விளிம்புகளையும் காட்டுவது அவைதான். சுமார் 12 கோடி குச்சி செல்கள் மங்கலில் வேலை செய்கின்றன. அவற்றுக்கு நிறம் தெரியாது, கூர்மையும் குறைவு, ஆனால் மிகச் சிறிய ஒளியையும் பிடித்துவிடும். நாம் ஒன்றை உற்றுப் பார்க்கும்போது அதன் பிம்பம் விழும் மையக்குழியில் கூம்புகள் மட்டுமே நெருக்கமாக அமைந்திருக்கின்றன. அங்கே குச்சிகளே இல்லை. அதனால்தான் மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் மறைகிறது, சற்றே ஒதுக்கிப் பார்த்தால் தெரிகிறது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் நுழைந்தால் கூம்புகள் பத்து நிமிடத்துக்குள் தம்மால் இயன்ற அளவு பழகிவிடுகின்றன. குச்சிகள் முழுத்திறனை எட்ட அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அந்தி என்பது இந்த இரண்டு அணிகளும் பொறுப்பை மாற்றிக்கொள்ளும் நேரம். கூம்புகள் தளர்ந்துகொண்டிருக்கும், குச்சிகள் இன்னும் முழுதாக விழித்திருக்காது.

துப்பாக்கியால் குறிபார்ப்பது கூம்புகளின் வேலை. பின்பக்கம் ஒரு பள்ளம், முன்பக்கம் ஒரு முள். நம் ஊரில் என்.சி.சி.யிலோ காவல் பயிற்சியிலோ இருந்தவர்கள் இவற்றைப் பேக்சைட், ஃபோர்சைட் என்பார்கள். இந்த அத்தியாயத்தில் பின்குறி, முன்குறி என்று வைத்துக்கொள்வோம். முன்குறி பின்குறியின் பள்ளத்துக்குள் நட்டநடுவே நிற்க வேண்டும், இருபுறமும் சமமான வெளிச்சக் கீற்று தெரிய வேண்டும், இரண்டின் மேல்விளிம்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அந்தக் கீற்றின் அகலத்தை ஒப்பிடுவது மிக நுணுக்கமான பார்வை வேலை. வெளிச்சம் குறைந்ததும் முதலில் கைவிட்டுப் போவது இதுதான்.

சிறிய துப்பாக்கியில் இந்தக் கைவிடல் கூடுதலாக வலிக்கும். அமெரிக்கக் காவலர்கள் பணிநேரம் முடிந்த பிறகும் சட்டைக்குள் மறைத்து எடுத்துச் செல்லும் சிறிய கைத்துப்பாக்கிகளில், 1988-இல் வெளிவந்த க்ளாக் 19 மிகப் பரவலானது. அதன் முழு அளவு அண்ணனான க்ளாக் 17-இல் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே சுமார் 165 மி.மீ. தூரம். க்ளாக் 19-இல் அது சுமார் 152 மி.மீ. தான். முன்குறி பள்ளத்தின் நடுவிலிருந்து ஒரே ஒரு மி.மீ. ஒதுங்கினால் ஏழு மீட்டர் தூரத்தில் குண்டு எவ்வளவு விலகும்? ஏழாயிரத்தை 152-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 46 மி.மீ. இருபத்தைந்து மீட்டரில் அது 16 செ.மீ.யைத் தாண்டிவிடும். துப்பாக்கி குட்டையாகக் குட்டையாக அதே ஒரு மி.மீ. பிழை பெரிதாகிக்கொண்டே போகும். ஆகவே சிறிய துப்பாக்கி வைத்திருப்பவருக்குக் குறி தெளிவாகத் தெரிவது பெரிய துப்பாக்கிக்காரரைவிட அவசியம். க்ளாக்கில் தொழிற்சாலையிலிருந்தே வருவது பாலிமரில் செய்த குறிகள்: முன்னால் ஒரு வெள்ளைப் புள்ளி, பின்னால் பள்ளத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு. பகலில் போதுமானவை. அந்தியில் வெள்ளைப் பூச்சுக்குப் பிரதிபலிக்க ஒளியே இருக்காது.

அப்படியானால் குறி தானே ஒளிர வேண்டும். இதற்கான முதல் முயற்சி நூறு ஆண்டுகளுக்கு முந்தையது. அதன் வரலாறு துயரமானது. 1898-இல் மேரி கியூரியும் பியர் கியூரியும் ரேடியத்தைக் கண்டுபிடித்தார்கள். ரேடியத்திலிருந்து பாயும் ஆல்பா துகள்கள் துத்தநாக சல்ஃபைடு படிகத்தில் மோதினால் பச்சை ஒளி கிளம்பும். இரண்டையும் பசையோடு கலந்தால் இரவும் பகலும் தானே ஒளிரும் வண்ணப்பூச்சு தயார். முதல் உலகப் போரில் பதுங்குகுழிப் படைவீரர்களின் கைக்கடிகாரங்களுக்கும் கருவிமுகப்புகளுக்கும் துப்பாக்கிக் குறிகளுக்கும் இந்தப் பூச்சு போனது. நியூ ஜெர்சியின் ஆரஞ்சு நகரில் இளம்பெண்கள் இதைக் கடிகார எண்கள் மேல் பூசினார்கள். தூரிகை நுனி கூர்மையாக இருக்க அதை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது. வேதியியலில் ரேடியம் கால்சியத்தின் உறவினர். உடலுக்குள் போனதும் எலும்பில் குடியேறிவிடும். பற்கள் விழுந்தன, தாடை எலும்புகள் அரித்தன, இரத்தச்சோகையிலும் எலும்புப் புற்றுநோயிலும் பலர் மாண்டார்கள். கிரேஸ் ஃப்ரையரும் உடன் வேலை பார்த்த நான்கு பெண்களும் தொடுத்த வழக்கு 1928-இல் சமரசத்தில் முடிந்தது. அந்தப் பூச்சை உருவாக்கிய சபின் வான் சோஹாக்கியும் அதே ஆண்டு கதிரியக்கத்தால் வந்த இரத்தச்சோகையில் இறந்தார். தொழிற்சாலையில் கதிரியக்கப் பாதுகாப்பு என்று இன்று நாம் கடைப்பிடிக்கும் வரம்புகளுக்கு அந்தப் பெண்களின் எலும்புகளே முதல் சான்று. ஒளிரும் குறி எதைப் பற்றி எழுதினாலும் அவர்களைக் குறிப்பிடாமல் கடந்து செல்வது நியாயமாகாது என்று நினைக்கிறேன்.

பொருளறிவியல் கோணத்திலும் ரேடியம் பொருத்தமற்ற தேர்வு. அதன் ஆல்பா துகள் ஒவ்வொன்றும் சுமார் 48 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு படிகத்தை இடிக்கிறது. சில ஆண்டுகளில் படிகம் சிதைந்து ஒளி அடங்கிவிடும். ரேடியத்தின் அரை ஆயுளோ 1,600 ஆண்டுகள். அதாவது விளக்கு அணைந்த பின்னும் கதிர்வீச்சு நிற்காது. பழைய பொருள் கடையில் கிடைக்கும் 1920-களின் கடிகாரம் இருட்டில் ஒளிரவில்லை என்பதால் அது பாதுகாப்பானது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. மூடியைத் திறந்து சுரண்டவே கூடாது.

தேவைப்பட்டது இதற்கு நேர் எதிரான குணமுள்ள ஒன்று: துகளின் ஆற்றல் மிகக் குறைவாக இருக்க வேண்டும், தோலைத் தாண்டக் கூடாது, எலும்பில் தங்கக் கூடாது, ஆயுளும் மனித வாழ்வின் அளவுக்குள் இருக்க வேண்டும். அது ஹைட்ரஜனின் வடிவிலேயே கிடைத்தது. 1934-இல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு, மார்க் ஒலிஃபன்ட், பால் ஹார்டெக் மூவரும் கன ஹைட்ரஜனான டியூட்டீரிய அணுக்களை டியூட்டீரியத்தின் மீதே மோதவிட்டு, ஒரு புரோட்டானும் இரண்டு நியூட்ரான்களும் கொண்ட ட்ரிட்டியத்தை உண்டாக்கினார்கள். அது நிலையானது என்றே அப்போது கருதப்பட்டது. 1939-இல் பெர்க்லியில் லூயிஸ் ஆல்வரெஸும் ராபர்ட் கோர்னாக்கும் அது கதிரியக்கம் உடையது என்று காட்டினார்கள்.

ட்ரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள். அது சிதையும்போது ஒரு எலக்ட்ரானை, அதாவது பீட்டா துகளை, வெளியே தள்ளிவிட்டு ஹீலியம்-3 ஆக மாறுகிறது. அந்தத் துகளின் சராசரி ஆற்றல் 5,700 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. ரேடிய ஆல்பாவில் எண்ணூறில் ஒரு பங்கைவிடச் சற்றுக் குறைவு. காற்றில் ஆறு மி.மீ. கடப்பதற்குள் ஓய்ந்துவிடும். தோலின் மேல்பரப்பில் உள்ள உயிரற்ற செல்களே அதைத் தடுத்துவிடும். காமா கதிரும் வருவதில்லை. ஆனால் ஒளிர்பொருளை ஒளிர வைக்க இந்த ஆற்றல் தாராளமாகப் போதும். பழைய டப்பா டிவியின் படக்குழாயில் எலக்ட்ரான் கற்றை திரையின் உட்புறப் பூச்சில் மோதிப் படம் காட்டியதே, அதே இயற்பியல்தான் இங்கும். டிவிக்கு எலக்ட்ரானை முடுக்க மின்சாரம் வேண்டும். இங்கே அணுக்கருவே முடுக்கி அனுப்புகிறது.

தயாரிப்பு முறை அழகானது. வெப்ப அதிர்ச்சியைத் தாங்குவதற்குப் பேர்போன போரோசிலிக்கேட் கண்ணாடியை மெல்லிய குழாயாக இழுக்கிறார்கள். உட்சுவரில் ஒளிர்பொருளைத் தூளாகப் பூசுகிறார்கள். ட்ரிட்டியம் வாயுவை நிரப்பி, லேசர் கற்றையால் கண்ணாடியை உருக்கி, வேண்டிய நீளத்துக்கு வெட்டும்போதே இரு முனைகளையும் மூடிவிடுகிறார்கள். சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகருக்கு அருகே நீடர்வாங்கனில் இயங்கும் எம்பி-மைக்ரோடெக் இந்தக் குழாய்களுக்குப் பெயர்பெற்ற நிறுவனம். அரிசியைவிடச் சிறிதான அந்தக் குழாயை உலோக உறையில் வைத்து, அதிர்ச்சி தாங்க சிலிக்கோன் மெத்தை கொடுத்து, முன்முகத்தில் செயற்கை நீலமணிக்கல் பொருத்தித் துப்பாக்கிக் குறிக்குள் செருகுகிறார்கள். அமெரிக்காவில் க்ளின் பிண்டன் மிச்சிகனில் தொடங்கிய ட்ரிஜிகான் நிறுவனம் 1980-களில் கைத்துப்பாக்கிகளுக்கு இவற்றைப் பரவலாக்கியது. அதற்கு முன்பே இஸ்ரேலின் கலீல் துப்பாக்கியில் தேவைப்படும்போது நிமிர்த்திக்கொள்ளும் ட்ரிட்டியக் குறிகள் இருந்தன.

குழாய்க்குள் இருக்கும் அளவைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு குழாயில் 20 மில்லிகியூரி ட்ரிட்டியம் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 74 கோடி அணுக்கள் சிதைகின்றன. எண்ணைக் கேட்டுத் திடுக்கிட வேண்டாம். அந்த வாயுவின் எடை ஒரு கிராமின் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. அத்தனை சிதைவுகளும் சேர்ந்து தரும் மொத்தத் திறன் ஒரு மைக்ரோவாட்டுக்கும் குறைவு, அதிலும் ஒரு சிறு பகுதியே ஒளியாகிறது. அதையும் நம் கண் இருட்டில் தெளிவாகக் காண்கிறது என்றால், பெருமை குழாய்க்கு மட்டும் உரியதன்று.

இந்த ட்ரிட்டியம் எங்கிருந்து வருகிறது? மேல்வளிமண்டலத்தில் காஸ்மிக் கதிர்களால் இயற்கையாகவே கொஞ்சம் உண்டாகிறது, ஆனால் உலகம் முழுவதும் சேர்த்தாலும் அது சில கிலோதான். வணிக ட்ரிட்டியத்தின் முக்கிய ஊற்று கனநீர் அணு உலைகள். கனநீரில் உள்ள டியூட்டீரியம் நியூட்ரானை விழுங்கினால் ட்ரிட்டியமாகிவிடும். கனடாவின் ஒன்டாரியோவில் டார்லிங்டன் அணுமின் நிலையத்தில் இதைப் பிரித்தெடுக்கத் தனி ஆலையே உண்டு. நம் கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையத்தின் இரு உலைகளும் கனநீர் வகைதான். அங்கும் இதே வினை நடக்கிறது.

இனி தேர்வுக்கு வருவோம். கடையில் ஒளிரும் குறி என்று கேட்டால் இரண்டு அடிப்படை வகைகள் முன்னால் வரும். ஒன்று ட்ரிட்டியம். இன்னொன்று ஒளியைக் குடித்துவிட்டு மெல்ல மெல்ல உமிழும் பூச்சு. முன்பு இதற்குச் செம்பு கலந்த துத்தநாக சல்ஃபைடு பயன்பட்டது, சில நிமிடங்களில் மங்கிவிடும். 1990-களில் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் யூரோப்பியமும் டிஸ்ப்ரோசியமும் கலந்த ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட்டை உருவாக்கிய பிறகு நிலைமை மாறியது. இது பல மடங்கு பிரகாசமானது, பல மணி நேரம் ஒளிரக்கூடியது, கதிரியக்கம் துளியும் இல்லாதது. விலையும் குறைவு. கைக்கடிகாரத்துக்கு இதைவிடச் சிறந்தது இல்லை என்பேன், ஏனென்றால் கைக்கடிகாரம் பகல் முழுவதும் வெளிச்சத்தில் இருக்கிறது.

மறைத்து எடுத்துச் செல்லும் சிறிய துப்பாக்கியின் நிலைமை அப்படியே தலைகீழ். காலை ஏழு மணிக்கு உறைக்குள் போட்டுச் சட்டையால் மூடிவிட்டால் மாலை ஏழு மணிவரை அது இருட்டில்தான் கிடக்கிறது. இந்தப் பூச்சின் ஒளி முதல் சில நிமிடங்களில் வேகமாக விழுந்து, பிறகு மெதுவாகத் தேய்கிறது. பன்னிரண்டு மணி நேரம் கழித்துத் துப்பாக்கியை வெளியே எடுக்கும் தேவை வரும்போது அதில் மிஞ்சியிருப்பது மிக மங்கலானது. பகலொளியைக் குழாய்போலக் கடத்தி முனையில் பளிச்சென்று காட்டும் ஒளியிழைக் குறிகளும் அப்படித்தான்: வெயிலில் அவற்றுக்கு இணையில்லை, அந்தியில் கைவிட்டுவிடும். எனவே மறைத்து வைக்கும் சிறிய துப்பாக்கி என்றால் ட்ரிட்டியமே சரியான தேர்வு. மின்கலம் வேண்டாம், பொத்தான் வேண்டாம், முன்கூட்டி ஒளியூட்டவும் வேண்டாம்.

ஆனால் ட்ரிட்டியத்தால் பகலில் பயனில்லை. ஒரு மைக்ரோவாட்டில் சிறு பங்கு ஒளி வெயிலில் தெரியுமா? அதனால் முன்குறியின் குழாயைச் சுற்றி ஆரஞ்சு அல்லது மஞ்சள் வளையம் தீட்டியதைத் தேடி வாங்க வேண்டும். பகலில் வளையம் கண்ணை ஈர்க்கும். வீட்டு விளக்கொளியிலும் அதுதான் உதவும். சில தயாரிப்புகளில் வளையத்தையே ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் கலந்து செய்கிறார்கள். அந்தி தொடங்கும் நேரத்தில், வளையம் மங்கி ட்ரிட்டியம் துலங்குவதற்கு இடைப்பட்ட நிமிடங்களை அது நிரப்புகிறது. கூடுதல் விலை கொடுக்கத் தகுந்த ஒரே அலங்காரம் இது என்பது என் எண்ணம்.

அடுத்தது புள்ளிகளின் அமைப்பு. மிகப் பரவலானது முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு, மூன்றும் ஒரே பச்சை. எனக்கு இதில் உடன்பாடில்லை. பகலில் துப்பாக்கியின் உருவம் தெரிவதால் எது முன்புள்ளி என்ற குழப்பம் வராது. இருட்டில் உருவம் மறைந்து மூன்று புள்ளிகள் மட்டும் மிதக்கும்போது, பின்னிரண்டில் ஒன்றை முன்புள்ளியாக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. அப்படி ஆனால் குண்டு பக்கவாட்டில் வெகுதூரம் போய்விடும். தூரமும் இதற்குத் துணைபோகிறது. கையை நீட்டிப் பிடித்தால் பின்குறி கண்ணிலிருந்து ஏறத்தாழ 52 செ.மீ., முன்குறி 67 செ.மீ. தொலைவில் இருக்கும். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு இக்குழாய்கள் கிட்டத்தட்ட வெறும் புள்ளிகள். புள்ளி ஒளி தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். ஆக, ஒரே வலிமையுள்ள குழாய்களை வைத்தால் பின்புள்ளி ஒவ்வொன்றும் முன்புள்ளியைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகமான ஒளியைக் கண்ணுக்கு அனுப்பும். நாம் பார்க்க வேண்டியது முன்குறியை, கண்ணை இழுப்பதோ பின்குறி. இதைத் திருத்தப் பல வழிகள் இருக்கின்றன. பின்னால் மங்கலான குழாய்களையோ வேறு நிறத்தையோ வைக்கலாம். பள்ளத்துக்குக் கீழே ஒரே ஒரு குழாய் வைத்து, எட்டு என்ற எண்ணைப்போல ஒன்றன்மேல் ஒன்றாக இரு புள்ளிகளை அடுக்கச் சொல்லலாம். அல்லது பின்குறியை வெறும் கறுப்பாகவே விட்டுவிட்டு முன்னால் மட்டும் ஒளி வைக்கலாம். சிறிய துப்பாக்கியில் ஏழு மீட்டருக்குள் பயன்படுத்துபவருக்குக் கடைசி வழியே போதும் என்பவர்கள் உண்டு. 152 மி.மீ. இடைவெளியில் ஒரு மி.மீ. பிழையின் விளைவை மேலே பார்த்தோம். அதனால் பின்னால் மங்கலாக ஏதேனும் ஒரு அடையாளம் இருப்பதையே நான் விரும்புவேன்.

நிறத்தைப் பொறுத்தவரை அறிவியல் தெளிவாகப் பேசுகிறது. நம் கூம்புகளின் உச்ச உணர்திறன் சுமார் 555 நானோமீட்டரில், குச்சிகளுடையது சுமார் 500 நானோமீட்டரில். இரண்டுக்கும் நடுவே விழுவது பச்சை. ஒளிர்பொருள்களிலும் பச்சை தருபவையே ட்ரிட்டியத்தின் ஆற்றலை நன்றாக ஒளியாக்குகின்றன. ஆகவே அதே அளவு வாயுவுக்குப் பச்சைதான் எல்லாவற்றிலும் பிரகாசமாகத் தெரியும், மஞ்சள் அடுத்தது, ஆரஞ்சும் சிவப்பும் கடைசி. முன்னால் பச்சை, பின்னால் மஞ்சள் அல்லது ஆரஞ்சு என்ற சேர்க்கை மேலே சொன்ன குழப்பத்தையும் தீர்க்கிறது. நிறக்குருடு உள்ளவர்கள் மட்டும் இதை நம்பக் கூடாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர் அமைப்பால் வேறுபடும் குறியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு இன்னொன்று. வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை இறுகி, அரை மீட்டர் தூரத்தில் உள்ளதைக் குவியத்துக்குக் கொண்டுவரச் சிரமப்படும். அந்தியில் கண்பாவை விரிவதால் குவிய ஆழமும் குறைந்துவிடும். முன்குறியின் விளிம்பு குழம்பித் தெரியும். இவர்களுக்குப் பெரிய, ஒற்றைப் பிரகாசமான முன்புள்ளி நல்லது. பின்பள்ளமும் அகலமாக இருக்க வேண்டும். குட்டைத் துப்பாக்கியில் முன்குறி கண்ணுக்குச் சற்று அருகில் வருவதால் பள்ளத்தை அதிகமாக அடைத்துக்கொள்ளும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அகன்ற முன்குறியும் ஒடுங்கிய பின்பள்ளமும் சேர்ந்தால் இருபுறக் கீற்று காணாமல் போய்விடும்.

இப்போது கும்மிருட்டின் விஷயம். ட்ரிட்டியப் புள்ளியின் நிறம் நமக்குத் தெரிகிறது என்பதே அதைக் காண்பது கூம்புகள் என்பதற்குச் சான்று. எதிரே நிற்பவரையோ, அந்த இருட்டில் குச்சிகளால் மட்டுமே காண முடியும், அதுவும் மங்கலாக, நிறமின்றி, ஓரப்பார்வையில். ஒன்று தெள்ளத்தெளிவு, மற்றொன்று வெறும் நிழல். தெளிவாகத் தெரியும் குறி, தெரியாத இலக்கின் மீதும் நமக்கு ஒரு நிச்சயத்தைக் கொடுத்துவிடுகிறது. இந்தப் பொய்யான நிச்சயம் உயிரை வாங்கும். இரவில் தண்ணீர் குடிக்க எழுந்த மகனையோ, தாமதமாக வீடு திரும்பிய மனைவியையோ திருடன் என்று நினைத்துச் சுடும் கொடுமை, துப்பாக்கி வீட்டுக்குள் புழங்கும் நாடுகளில் நடக்கிறது. மூன்று பச்சைப் புள்ளிகள் துப்பாக்கி எங்கே நோக்குகிறது என்று சொல்லும். அங்கே யார் இருக்கிறார் என்று சொல்லாது. அதைச் சொல்ல வெள்ளை ஒளி வேண்டும், கைவிளக்கு வேண்டும். கைவிளக்கைப் போட்டவுடன் என்ன ஆகிறது என்பதையும் கவனியுங்கள். இலக்கு பளிச்சென்று ஒளிபெறுகிறது, அதன் மீது முன்குறியும் பின்குறியும் கறுப்பு வடிவங்களாகத் துல்லியமாகத் தெரிகின்றன, ட்ரிட்டியப் புள்ளி கண்ணுக்கே தெரிவதில்லை. ஆக முழு இருட்டில் விளக்கில்லாமல் சுடக் கூடாது, விளக்கோடு சுட இரவுக் குறி தேவையில்லை. இலக்கை அடையாளம் காணும் அளவுக்கு வெளிச்சம் இருந்து, குறியைக் காணும் அளவுக்கு இல்லாத அந்த இடைநேரம்தான் மீதம். பணம் ஒன்றுக்கு மட்டுமே போதும் என்ற நிலையில் இருப்பவர் முதலில் நல்ல கைவிளக்கை வாங்கட்டும்.

வாங்கும்போது தயாரிப்புத் தேதியைக் கேட்பது அவசியம். ட்ரிட்டியம் கடை அலமாரியில் இருந்தாலும் உறையில் இருந்தாலும் சமமாகவே தேய்கிறது. ஐந்தாண்டு பழைய குழாயில் நான்கில் மூன்று பங்கு வாயு மிஞ்சியிருக்கும், 12.3 ஆண்டில் பாதி, இருபது ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. ஒளிர்பொருளும் எலக்ட்ரான்களின் தாக்குதலில் சோர்ந்துபோவதால் உண்மையான ஒளி இதைவிடக் கொஞ்சம் குறைந்தே இருக்கும். கண் ஒளியை நேர்விகிதத்தில் உணர்வதில்லை என்பது ஆறுதல். பாதி ஒளி பாதியளவு மங்கலாகத் தெரியாது. பத்துப் பன்னிரண்டு ஆண்டு தாராளமாக ஓடும். பயன்படுத்திய துப்பாக்கியை வாங்குபவர், இருட்டறையில் பத்து நிமிடம் கண்ணைப் பழக்கிவிட்டுப் புள்ளிகளைச் சோதிக்க வேண்டும். பகல் வெளிச்சத்திலிருந்து நேரே உள்ளே போய்ப் பார்த்தால் நல்ல குழாயும் செத்ததாகத் தோன்றும்.

பொருத்துவதைத் திறனுள்ள ஆயுதப் பழுதுபார்ப்பவரிடம் விடுவதே நல்லது. பின்குறி இறுக்கமான காடியில் உட்காரும். அதைச் சுத்தியலால் தட்டி நகர்த்துவதைவிட, அதற்கான திருகு கருவியால் மெதுவாகத் தள்ளுவது குழாயைக் காக்கும். ஒருவேளை உடைந்தால் பதற வேண்டாம். ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியேறிச் சற்று நேரம் காத்திருந்தாலே போதும், வாயு கலைந்துவிடும். ஹைட்ரஜன் வாயு வடிவில் உள்ள ட்ரிட்டியத்தை நுரையீரல் ஏறக்குறைய ஏற்பதே இல்லை. ஆக்சிஜனோடு சேர்ந்து நீராக மாறினால் உடல் அதை எளிதில் ஏற்கும்; அதனால் பல ஆயிரம் மடங்கு தீங்கு கூடும். அப்படி உள்ளே போனாலும் சுமார் பத்து நாளில் பாதி, சிறுநீரும் வியர்வையுமாக வெளியேறிவிடும். ரேடியம் எலும்பில் தங்கியதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். உடைந்த துண்டுகளை வெறுங்கையால் தொடாமல், கையுறையோடு எடுத்து மூடிய பையில் போட்டு, கைகளைக் கழுவிவிட வேண்டும்.

அமெரிக்காவில் இக்குறிகளைத் தயாரிப்பவருக்கு அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் வேண்டும், வாங்கிப் பயன்படுத்துபவருக்கு வேண்டாம். அதனால் பழசானதும் பலர் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். ஒரு குழாயின் சில மில்லிகியூரியால் பெரிய கேடு வந்துவிடாது என்பது உண்மை. ஆனால் அதே ட்ரிட்டியத்தால் ஒளிரும் அவசர வழிப் பலகைகள், ஒவ்வொன்றும் பல கியூரி கொண்டவை, இடிக்கப்பட்ட கட்டடங்களோடு குப்பைமேடுகளுக்குப் போய், அங்கிருந்து கசியும் நீரில் ட்ரிட்டியம் கூடியிருப்பது அளந்து காட்டப்பட்டிருக்கிறது. மங்கிப்போன குறியைத் தயாரிப்பாளருக்கே திருப்பி அனுப்பலாம். பல நிறுவனங்கள் குழாயை மட்டும் மாற்றிப் புதிய தேதி பொறித்துத் தருகின்றன, அதே எஃகு உடல் இன்னொரு பன்னிரண்டு ஆண்டு உழைக்கும்.